தெர்மாகோல் பெட்டியில் 9 முட்டை

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். “ப்ரோ, நான் வளர்க்கிற பால் பைத்தான் முட்டை போட்டிருக்கு. வீட்டிலேயே பொரிக்க வைக்கிறது எப்படி?” பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, கிட்டத்தட்ட இதே வேலையை நான் தப்புத் தப்பா செய்த கதையைச் சொல்லிடறேன்.

எங்க வீடு காட்டுப்பாக்கத்தில். மெட்ரோ தூண்கள் எழும்ப ஆரம்பிச்சதிலிருந்து இங்க காலி மனைகள் வேகமா குறைஞ்சுக்கிட்டே வருது. ஒரு ஜூன் மாசம், பக்கத்து மனையில் ஜேசிபி அஸ்திவாரம் தோண்டிக்கிட்டிருந்தது. திடீர்னு வண்டி நின்னுடுச்சு. “தம்பி, இங்க வந்து பாருங்க”ன்னு மேஸ்திரி கூப்பிட்டார். பழைய செங்கல் குவியலுக்கு அடியில், மண்ணுக்குள்ள, வெள்ளையா நீளமா 9 முட்டை. சிலது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தது.

கூட்டம் சேர்ந்துடுச்சு. “மண்வெட்டியால நசுக்கிப் போடுங்க”ன்னு ஒருத்தர். “இது சாரை முட்டை. சாரை இருந்தா நல்ல பாம்பும் இருக்கும், ரெண்டும்தான் ஜோடி சேரும்”னு இன்னொருத்தர். இது நம்ம ஊர்ல எல்லாரும் நம்புற கதை, ஆனா உண்மை இல்லை. சாரை சாரையோடதான் சேரும். ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு எழும்புறதைப் பார்த்து ‘இணை சேருது’ன்னு சொல்றோமே, அது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகள் போடுற மல்யுத்தம்.

நசுக்க விடக் கூடாதுன்னு எனக்குத் தோணுச்சு. அதுவரைக்கும் சரி. அப்புறம் நான் பண்ணினது எல்லாமே தப்பு.

முட்டைகளை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். ஒட்டியிருந்ததைப் பிரிச்சேன். மண்ணைத் துடைச்சேன். மீன் வர்ற தெர்மாகோல் பெட்டியில் பஞ்சு விரிச்சு வரிசையா அடுக்கி, மேல ஒரு குண்டு பல்பு போட்டேன். கோழி அடைகாக்கும்போது முட்டையைத் திருப்பி விடும்னு படிச்சிருக்கேன் இல்லையா, அதனால காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை எல்லாத்தையும் திருப்பி வச்சேன். ரெண்டாவது நாள் ராத்திரி கரண்ட் போச்சு. சூடு குறைஞ்சுடுமேன்னு தூங்கவே இல்லை. அம்மா எழுந்து வந்து, “பெத்தவளுக்கு இல்லாத கவலை உனக்கு ஏண்டா?”ன்னு கேட்டாங்க.

மூணாவது நாள் சில முட்டை ஓரத்தில் குழி விழ ஆரம்பிச்சது. பயந்து போய், பாம்பு மீட்கிற ஒரு அண்ணாவுக்கு போன் போட்டேன். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார். திட்டலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, மண்ணுல இருந்தப்போ இதுல எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?”

என்கிட்ட பதில் இல்லை.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கு. கோழி முட்டைக்குள்ள மஞ்சள் கருவை ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி ஒரு அமைப்பு நடுவில் பிடிச்சு வச்சிருக்கும். அதனால திருப்பினா பிரச்சினை இல்லை, திருப்பறது நல்லதும்கூட. பாம்பு முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. முட்டை இட்டு கொஞ்ச நேரத்திலேயே கரு மேல்பக்கமா போய் ஓட்டோட உள்பக்கத்தில் ஒட்ட ஆரம்பிச்சுடும். அப்புறம் தலைகீழா திருப்பினா, மஞ்சள் கருவோட எடைக்கு அடியில் அது அமுங்கிப் போகலாம். அதனாலதான் தெரிஞ்சவங்க முட்டையைத் தொடுறதுக்கு முன்னாடியே மேல்பக்கம் பென்சில்ல ஒரு புள்ளி வைப்பாங்க.

அடுத்தது ஓடு. பாம்பு முட்டை ஓடு கோழி முட்டை மாதிரி கெட்டியா இருக்காது, தோல் மாதிரி வளையும். சுத்தி இருக்கிற ஈரத்தை உள்ளே இழுத்து முட்டை கொஞ்சம் கொஞ்சமா உப்பும். காய்ஞ்சா குழி விழும். ரொம்ப நனைஞ்சா பூஞ்சை பிடிக்கும். நான் பஞ்சும் பல்பும் வச்சு வத்தல் போட்டுக்கிட்டு இருந்தேன்.

அந்த அண்ணா சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்குப் பெரிய அடி. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ங்கிற சொல்லுக்கு விளக்கம் இருக்கு. ஊர்வனவோட முட்டையைச் சேதப்படுத்துறது மட்டுமில்லை, முட்டையையும் கூட்டையும் கலைக்கிறதுகூட அதுக்குள்ள வருது. காப்பாத்தறேன்னு நினைச்சு நான் செய்ததுக்குச் சட்டத்தில் பேர் வேட்டை.

அப்போ என்ன செய்திருக்கணும்? கூடு கலையாம இருந்தா மண்ணை மூடிட்டு, அந்த மூலையில் வேலையை நிறுத்தச் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுக்கணும். கர்நாடகாவில் ஆகும்பேன்னு ஒரு ஊர் இருக்கு. கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கின ராமுலஸ் விட்டேக்கர் 2005-ல் அங்க ஒரு மழைக்காடு ஆய்வு நிலையம் ஆரம்பிச்சார். ராஜநாகம் இலைகளைக் குவிச்சுக் கூடு கட்டும். அந்தப் பக்கத்தில் தோட்டத்தில் கூடு தெரிஞ்சா முட்டையை எடுத்துட்டுப் போறதில்லை. அங்கேயே விட்டுக் கண்காணிக்கிறாங்க. பொரிக்கிற நாள் நெருங்கும்போது வலை கட்டி, குட்டிகளைப் பிடிச்சுக் காட்டுக்குள்ள விடுறாங்க.

இப்போ நம்ம வாய்ஸ் நோட் நண்பருக்கு. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, நம்ம நாட்டுக் காட்டு உயிர் இல்லை. ஆனா சர்வதேச வணிகக் கட்டுப்பாடு இருக்கிற இனம். அதனால பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேணும். குட்டி பிறந்தா அதையும் தெரிவிக்கணும். உங்க பாம்பு எங்கிருந்து வந்ததுன்னும் ஒரு தடவை யோசிங்க. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் பிடிபட்டது.

பேப்பர் சரியா இருக்குன்னா, முறை இதுதான். மூடியில் சின்ன ஓட்டை போட்ட டப்பா. ஈரமான வெர்மிகுலைட் அல்லது பெர்லைட், கையில் பிழிஞ்சா சொட்டக் கூடாது. முட்டை பாதி புதையட்டும். ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, திருப்பாதீங்க. வெப்பம் 31 டிகிரி சுற்றி, தெர்மோஸ்டாட் கட்டாயம். வெளிநாட்டு வீடியோவில் சூடு எப்படி ஏத்தறதுன்னுதான் சொல்வாங்க. சென்னை ஜூன்ல நம்ம பிரச்சினை சூட்டைக் குறைக்கிறது. 35-ஐத் தாண்டினா குட்டி ஊனமாகலாம், முட்டையிலேயே செத்தும் போகலாம். பெட்டிக்குள்ள தண்ணி பாட்டில் நாலு வச்சா, கரண்ட் போனாலும் வெப்பம் சட்டுன்னு மாறாது. இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டை மேல வச்சுப் பாருங்க. சிவப்பா ரத்தக் குழாய் தெரிஞ்சா உயிர் இருக்கு.

சுமார் 2 மாசத்தில் குட்டி மூக்கு நுனியில் இருக்கிற பல்லால் ஓட்டைக் கீறும். தலையை நீட்டிட்டு ஒரு நாள், ரெண்டு நாள்கூட அப்படியே கிடக்கும். மிச்ச மஞ்சள் கருவை உறிஞ்சிக்கிட்டு இருக்கு. உதவி பண்றேன்னு இழுக்காதீங்க. முதல் தோல் உரிக்கிற வரைக்கும் இரை கேட்காது.

ஆனா அதுக்கப்புறம் கேட்கும். அஞ்சு குட்டின்னா அஞ்சு டப்பா, அஞ்சு இரை. ஒவ்வொண்ணும் 20 வருஷத்துக்கு மேல வாழக்கூடியது. உங்களுக்குக் கல்யாணம் ஆகி, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், வாடகை வீடு நாலு மாறின பிறகும் இருக்கும். வச்சுக்க முடியாதுன்னு போரூர் ஏரிக்கரையில் விட்டுட முடியாது. அது இந்த மண்ணுக்கு அந்நியப் பாம்பு. இவ்வளவையும் பார்த்துக்க ஆள் இல்லைன்னா பொரிக்க வைக்காதீங்க. முட்டை போட்ட முதல் ரெண்டு நாளிலேயே, ஒரு ஊர்வன மருத்துவர்கிட்ட கேட்டு முடிவெடுங்க. இன்குபேட்டர் செய்யறது ஒரு சாயங்கால வேலை, மக்களே. இந்த முடிவு அப்படி இல்லை.

எங்க 9 முட்டை? அந்த அண்ணா வனத்துறைக்குச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போனார். ஆகஸ்ட்ல ஒரு வீடியோ அனுப்பினார். 5 சாரைக் குட்டிகள் புல்லுக்குள்ள போகுது. மீதி 4 பொரிக்கலை. நான் திருப்பினதாலயா, காய வச்சதாலயா, எப்படியும் பொரிச்சிருக்காதான்னு கேட்டேன். “தெரியாது தம்பி”ன்னார். இந்த எபிசோடைப் பண்ணணும்னு எனக்குத் தோணினதே அந்த பதிலாலதான்.

உங்க தெருவில் ஜேசிபி இப்படி எதையாவது தோண்டி எடுத்தா, கையை வைக்காம முதல்ல போனை எடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.