முகவரிக் கட்டம்

(பொன்விழாக் கூட்டத்தில் புனித வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் சபையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சுவாமி அவர்கள் பணித்தார்கள். 1833-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கிய சபை இது. ஏழைகளை நம்மிடம் வரவழைக்காமல், இருவர் இருவராக அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எங்கள் முறை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வீடே இல்லாதவரை எங்கே போய்ப் பார்ப்பது?

நம் கோயிலின் மேற்கு மதிலோரம் ஒரு பெரியவர் படுத்திருப்பாரே, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவருக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுப்போம். ஒருநாள் பதிவேட்டின் முகவரிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் தம்பி இல்லேன்னு எழுதுறீங்க? கோயில் மதிலு, மேற்குப் பக்கம்னு எழுதுங்க. பதினோரு வருசமா இங்கதானே இருக்கேன்" என்றார்.

நான் இந்தப் பங்குக்குக் குடிவந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது.

"பூசைக்கு உள்ளே வரலாமே ஐயா" என்றேன்.

"குளிச்சு நாலு நாளாச்சு. பக்கத்துல இருக்கிறவங்க எழுந்து போயிடுவாங்க."

ரோமையிலும் ஒருவர் இதையே சொல்லியிருக்கிறார். திருத்தந்தை பிரான்சிசின் தர்மப் பணிகளைக் கவனித்துவந்த கிராயெவ்ஸ்கி ஆண்டகை, 2014-ல் தெருவில் வாழ்ந்த ஒருவரைச் சாப்பிட அழைத்தார். அன்று அவருக்கு 50-வது பிறந்தநாளாம். "என்மேல் நாற்றம் அடிக்கிறது" என்று அவர் வர மறுத்தார். ஆண்டகை விடவில்லை. சாப்பிடும்போது அந்த மனிதர், ரொட்டி எப்படியும் கிடைத்துவிடும், குளிக்கத்தான் இடமில்லை என்று சொன்னார். 2015 பிப்ரவரியில் இராயப்பர் பேராலயச் சதுக்கத்தின் தூண் வரிசையருகே இவர்களுக்கென்று குளியலறைகள் திறந்தார்கள். அங்கே திங்கட்கிழமை முடிதிருத்தும் கடைகளுக்கு விடுமுறை. அந்த நாளில் தொழிலாளர்கள் வந்து இலவசமாக முடி வெட்டினார்கள்.

இனி ஒன்று சொல்லியாக வேண்டும். விழாவுக்கு மதிலில் வெள்ளையடிக்க வேண்டும் என்று போன மாதம் பெரியவரை எழுப்பி அனுப்பியவன் நான்தான். சுவாமி அவர்களுக்கோ விழாக் குழுவுக்கோ தெரியாது. "விழா முடியட்டும், வாங்க" என்றேன். ஒன்றும் பேசாமல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். மூன்று வாரமாகப் பேருந்து நிலையம், ரயிலடி, ஆஸ்பத்திரி வாசல் என்று தேடுகிறேன். மதில் என்னவோ பளிச்சென்றுதான் இருக்கிறது.

பங்கு மன்றத்துக்குப் பின்னால் இரண்டு குளியலறைகள் பூட்டியே கிடக்கின்றன. சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. காலைப் பூசைக்கு முன் ஒரு மணி நேரம் அவற்றைத் திறந்துவைக்கச் சுவாமி அவர்களிடம் அனுமதி கேட்கிறேன். தண்ணீர் நிரப்புவதும் கழுவிவிடுவதும் எங்கள் பொறுப்பு. பெரியவரை எங்கேயாவது பார்த்தால் என் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். நானே போய்க் கூப்பிடுகிறேன்.