சாற்றில் மறைந்த மீன்



கடல் கடந்து செல்வது இன்று அரிய செயலன்று. பிள்ளைகள் பணியின்பொருட்டு ஜப்பான் செல்கின்றனர். பெற்றோர் அவர்களைக் காணச் செல்கின்றனர். தூய்மைக்கும் பணிவுக்கும் அந்நாட்டில் குறைவில்லை. ஆயினும், கொல்லாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார்க்கு அங்கே ஒவ்வொரு வேளை உணவும் ஒரு தேர்வாக அமைகிறது.

தட்டில் கிடக்கும் ஊனைக் கண்டு விலகுதல் எளிது. கண்ணுக்குத் தெரியாததை விலக்குதலே அரிது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்னும் சாறு. உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனைச் சீவி, கடற்பாசியோடு நீரிலிட்டு அதனைப் பெரும்பாலும் ஆக்குகின்றனர். மிசோ சாறு, சோபா, உதோன் ஆகிய நூலுணவுகளின் குழம்பு, காய்கறித் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் நீர், அவித்த கீரை ஆகிய அனைத்திலும் அது கலந்திருக்கக்கூடும். மேலே மிதப்பவை காய்கறிகளே. மீனோ சாற்றில் மறைந்திருக்கும்.

சொல்லும் பயணியைக் கைவிடுவதுண்டு. ஜப்பானிய மொழியில் 'நிக்கு' என்பது இறைச்சி. மீனுக்கு 'சகானா' என்னும் வேறு சொல் உண்டு. 'நிக்கு வேண்டா' என்று மட்டும் கூறினால், உணவகத்தார் மீனைக் கொண்டுவந்து வைக்கலாம். அது வஞ்சனையன்று, கேட்டவர் முழுமையாகக் கேட்கவில்லை என்பதே உண்மை.

பொட்டல உணவுகளிலும் இத்தகைய இடர் உண்டு. முட்டை, பால், இறால், நண்டு முதலியவை கலந்திருந்தால், ஒவ்வாமை உடையோர்பொருட்டு அவற்றைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சூரை மீன் அக்கட்டாயப் பட்டியலில் இல்லை. எனவே, ஒவ்வாமைக் குறிப்பை மட்டும் பார்த்து அமைதி கொள்ளாமல், மூலப்பொருள்கள் அனைத்தையும் வாசித்தறிதல் வேண்டும்.

"கண்ணால் காணவில்லை, எனக்கென்று கொல்லவும் இல்லை, உண்டால் என்ன?" என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். இவ்வினா புதிதன்று. நீலகேசி என்னும் சமண காப்பியத்தில், அதன் தலைவி புலால் உணவு பற்றிப் பௌத்தரோடு வாதிடுகிறாள். உண்பவர் இருப்பதனாலேயே கொல்பவர் இருக்கிறார் என்பது அறநூலார் கண்ட முடிபு. சாற்றில் கரைந்த மீனுக்கும் இம்முடிபு பொருந்தும்.

அந்தப் பௌத்தமே ஜப்பானில் புலால் மறுத்த ஒரு சமையல் மரபை வளர்த்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. கி.பி. 675ஆம் ஆண்டில் பேரரசர் தென்மு, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணலாகாது என ஆணையிட்டார். மடங்களில் 'ஷோஜின்' என்னும் நோன்புணவு தழைத்தது. 1237ஆம் ஆண்டில் தோகென் என்னும் துறவி, மடத்துச் சமையற்காரரின் கடமைகளை விளக்கித் தனிநூலே இயற்றினார். 816ஆம் ஆண்டில் கூகாய் என்னும் துறவிக்கு வழங்கப்பெற்ற கோயா மலையில், இன்றும் பல மடங்கள் விருந்தினரைத் தங்கவைத்து இவ்வுணவை அளிக்கின்றன. இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் அம்மரபு விலக்குகிறது.

எனினும், அது சமணர் உணவு அன்று. முள்ளங்கி, தாமரைக் கிழங்கு, காளான் முதலியன அதில் இடம்பெறும். எள்ளால் ஆக்கும் 'கோமாதோஃபு'வில் குட்ஸுக் கொடியின் கிழங்கு மாவு சேரும். 'கொன்யாக்கு' கிழங்கிலிருந்தே செய்யப்படுவது. கிழங்கு விலக்கும் குடும்பத்தார், முன்பதிவின்போதே இவற்றைப் பெயர் சுட்டித் தெரிவிக்கவேண்டும். பந்தியில் அமர்ந்தபின் கூறுவது, சமைத்தவரை வருத்துவதாக முடியும்.

இரவு உண்ணாமை மற்றொரு தேர்வு. டிசம்பர் மாதத்தில் டோக்கியோவில் மாலை 4.30 மணியளவில் கதிரவன் மறைகிறான். உணவகங்கள் பலவோ நண்பகல் உணவுக்குப்பின் மூடி, மாலை 5 மணிக்குமேல் திறக்கின்றன. ஆதலால் நண்பகல் உணவையே முதன்மையாகக் கொண்டு, மாலைக்கு அவல், பொரி, சத்துமாவு ஆகியவற்றைக் கைவசம் வைத்திருத்தல் நன்று. பச்சைக் காய்கறிகளையும் பழங்களையும் உரிய சான்றிதழின்றி அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லலாகாது. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட்; இங்குள்ள மின்சாரச் சோற்றுக்கலம் அதில் செவ்வனே இயங்காது. வெண்சோறு, சாறு சேராத தோஃபு, உப்பிட்டு அவித்த பச்சைச் சோயா அவரை, பழம் ஆகியன பெரும்பாலும் எங்கும் கிடைக்கும். கோபே நகரில் வணிகம் செய்யும் சமணர்கள் 1985ஆம் ஆண்டில் கோயிலே அமைத்துள்ளனர். அயல்மண்ணிலும் நோன்பு காக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று.

புறப்படுமுன் குடும்பத்தார் ஒன்றுகூடி, எவை ஏற்ற நோன்பு, எவை இல்லத்து வழக்கம் எனப் பிரித்தறிதல் வேண்டும். நோன்பில் தளர்வில்லை, வழக்கத்தில் இடமறிந்து இணங்கலாம். பின்னர், விலக்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'மீன்சாறும் ஆகாது' என்பதைத் தவறாமல் சேர்த்து, ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டை எழுதிக்கொள்ளுதல் நலம். அதைக் காட்டியபின், "எங்களால் இயலாது" என்று உணவகத்தார் வணங்கிக் கூறினால், அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. ஐயத்தோடு பரிமாறாமல் உண்மை உரைத்து, வந்தவரின் நோன்பைக் காத்தவர் அவர். நன்றி கூறி நீங்குதலே பண்பு.

அறியாமல் நேர்ந்தது என்னும் ஆறுதல், கேட்டறிய முயன்றவர்க்கே உரியது. கேளாமல் உண்டவர்க்கு அது பொருந்தாது.