பல்லாண்டு வாழும் கோதுமை

கோதுமை ஓராண்டுப் பயிர். கதிர் முற்றியதும் அதன் வாழ்வு முடிந்துவிடுகிறது. அடுத்த விளைவுக்கு மீண்டும் உழவேண்டும், விதைக்கவேண்டும். அதன் சுற்றமாகிய காட்டுப்புற்கள் சிலவோ, ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுதோறும் தழைக்கின்றன. இவ்விரண்டையும் கலந்து, அறுக்க அறுக்கத் தழைக்கும் கோதுமையைப் பெற இயலாதா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இது சோம்பலால் எழுந்த ஆசையன்று. உழுத மண்ணைக் காற்றும் மழையும் எளிதில் வாரிக்கொண்டு போகின்றன. அமெரிக்கச் சமவெளிகளில் புல்வெளியை அழித்துக் கோதுமை விதைத்த நிலம், 1930-களில் மழை பொய்த்தபோது புழுதிப் புயலாய்ப் பறந்தது.

அக்காலத்திலேயே சோவியத் நாட்டில் நிக்கொலாய் த்சீத்சின் என்னும் அறிஞர், கோதுமையைக் கோதுமைப்புல்லோடு கலந்து வந்தார். கலப்பினம் பிறந்தது, ஆனால் பெரும்பாலும் மலடாயிற்று. ஏன்? ரொட்டிக் கோதுமையில் 42 குரோமசோம்கள் உண்டு. இடைநிலைக் கோதுமைப்புல் என்னும் இனத்திலும் 42. இவற்றின் கலப்பினத்துக்குத் தாய்வழி 21, தந்தைவழி 21 வருகின்றன. எண்ணிக்கை சரிதான். ஆனால் மகரந்தமும் சூலும் உருவாகுமுன் குரோமசோம்கள் இணை இணையாகச் சேரவேண்டும். இங்கே பலவற்றுக்கு இணை இல்லை.

இதற்கு வழிகள் இரண்டு. நமது செங்காந்தளிலும் உள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சினால் குரோமசோம்களை இரட்டிக்கச் செய்வது ஒன்று. கலப்பினத்தைக் கோதுமையோடு மறுபடியும் கலப்பது மற்றொன்று. கோதுமையின் பங்கு மிகுந்தால் மணி பருத்தது, நீடுவாழும் இயல்பு குன்றியது. புல்லின் பங்கு மிகுந்தால் செடி வாழ்ந்தது, மணி சிறுத்தது. இம்முடிச்சு இன்னும் முழுதும் அவிழவில்லை.

எனினும் உழைப்பு வீண்போகவில்லை. துருநோயை எதிர்க்கும் மரபணுக்கள் சில, கோதுமைப்புல்லிடமிருந்து கோதுமைக்குக் கிடைத்தன. கான்சாஸ் மாநிலத்தில் 1976-இல் தோன்றிய லேண்ட் இன்ஸ்டிட்யூட் மற்றொரு வழியிலும் செல்கிறது: கோதுமைப்புல்லையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தானியப் பயிராக்குகிறது. கெர்ன்சா எனப்படும் அதன் மணி சிறியது. வேரோ 3 மீட்டர் ஆழம்வரை செல்லும். சீனாவின் யுன்னான் பல்கலைக்கழகத்தார், நெல்லை ஆப்பிரிக்கக் காட்டு நெல்லோடு கலந்து பெற்ற பல்லாண்டு நெல், 2018-இல் உழவர்களுக்கு வெளியிடப்பட்டது. நெல்லில் கூடியது கோதுமையிலும் கூடலாம் என்றே நான் நம்புகிறேன்.

மாணவர்களே, அடுத்தமுறை வரப்பில் ஒரு புல்லைப் பிடுங்க முயன்று தோற்கும்போது, அதன் வேர் பற்றியிருக்கும் மண்ணைச் சற்று நின்று பாருங்கள்.