பேரேட்டில் ஏறாத கடன்



டேலியில் வவுச்சர் போடத் தெரிந்துவிட்டால் கணினிக் கணக்கு கைவந்துவிட்டது என்று வணிகவியல் மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது தொடக்கம்தான். அந்த மென்பொருள் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று படிப்பதுதான் முக்கியமான பாடம்.

ஒரு கொள்முதலைப் பாருங்கள். ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், சரக்கை எண்ணி இறக்குபவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். ஆர்டரும் சரக்கு வரவுச் சீட்டும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் அதற்கேற்ப அமைக்கப்பட்ட மென்பொருள் பணத்தை நிறுத்திவைக்கும். மூவருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் இந்த ஏற்பாடு இருந்தும் பயனில்லை.

இத்தகைய தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டும், 2018 பிப்ரவரியில் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தை ஒவ்வொரு வகுப்பிலும் நடத்த வேண்டும் என்பேன். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, சில வைர நிறுவனங்களுக்காக, வெளிநாட்டிலுள்ள இந்திய வங்கிக் கிளைகளுக்கு உறுதிக் கடிதங்கள் போயின. அவற்றின்படி, வாங்கியவர் கடனைக் கட்டாவிட்டால் பஞ்சாப் நேஷனல் வங்கியே கட்ட வேண்டும். கடிதங்கள் போனது ஸ்விஃப்ட் என்ற செய்தி அமைப்பு வழியாக. வங்கியின் பேரேடு இருந்ததோ ஃபினாக்கிள் என்ற வேறு மென்பொருளில். இரண்டுக்கும் இணைப்பு இல்லை. ஸ்விஃப்டில் அனுப்பியதை ஊழியர்தான் மறுபடி பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. பல ஆண்டுகள் இப்படியே போய், தொகை 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

அது பிடிபட்டது மனிதர்கள் கேட்ட கேள்வியால். வங்கியின் புகார்ப்படி, 2018 ஜனவரியில் அந்த நிறுவனங்கள் மீண்டும் கடிதம் கேட்டு வந்தன. முன்பு கடிதம் கொடுத்த அதிகாரி ஓய்வு பெற்றிருந்தார். புதியவர்கள் முழுத் தொகைக்கும் ரொக்க ஈடு கேட்டார்கள். முன்பு ஈடில்லாமலே வாங்கியதாகப் பதில் வந்தது. கணினியில் தேடினால், அப்படி எந்தப் பதிவும் இல்லை!

இந்த ஸ்விஃப்ட் ஆபத்தைப் பற்றி 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது. பிறகு, 2018 ஏப்ரல் 30-க்குள் ஸ்விஃப்டையும் பேரேட்டு மென்பொருளையும் இணைக்க வங்கிகளுக்குக் கெடு விதித்தது.

பின்னர் கம்பெனிகளுக்கும் ஒரு விதி வந்தது: 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டுக் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு காட்டும் எடிட் லாக் கட்டாயம். அதை அணைத்துவைக்க முடியக்கூடாது. நல்ல விதி. ஆனால் பதிவே போடாத ஒன்றை எடிட் லாக் காட்டாது. ஆகவே தணிக்கைக்குப் போகும் மாணவர்களே, பேரேட்டை மட்டும் வாங்கிப் பார்க்காதீர்கள். வெளியே போன செய்திகளின் பட்டியலையும் கேட்டு வாங்கி, வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.