ராயித்துக்காக எழுதப்பட்ட நாட்குறிப்பு: வலைப்பதிவும் புலம்பெயர் இளையோரும்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட அமர்வு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2002ஆம் ஆண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஒருவர் இணையத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். மேற்படிப்புக்காக ஜோர்தான் சென்றிருந்த அவருடைய நண்பர் ராயித், மின்னஞ்சல்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுதும் வழக்கம் உடையவர் அல்லர். அவர் நேரம் கிடைக்கும்போது வந்து படித்துக்கொள்ளட்டும் என்றே அக்குறிப்புகள் எழுதப்பட்டன. 'ராயித் எங்கே?' என்பதே அந்த வலைப்பதிவின் பெயர். எழுதியவர் தமது உண்மைப் பெயரை மறைத்து, அரபு மொழியிலும் இலத்தீன் மொழியிலும் அமைதி என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்துச் சலாம் பாக்ஸ் என்று தம்மை அழைத்துக்கொண்டார். 2003 மார்ச்சில் ஈராக் மீது போர் மூண்டது. குண்டு விழும் நகரத்தின் உள்ளிருந்து, தம் வீட்டிலும் தெருவிலும் நடப்பவற்றை எழுதிய அந்தக் குரலை உலகமே தேடிப் படித்தது. அதே ஆண்டில் பிரித்தானியாவின் கார்டியன் நாளிதழ் அவரைத் தனது பத்தி எழுத்தாளராக அழைத்துக்கொண்டது.

வாசகரைப் பெருக்குவது எப்படி என்று கேட்கும் இளையோர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது. அவர் உலகத்துக்காக எழுதவில்லை. ஒரே ஒருவருக்காக எழுதினார். அந்த ஒருவருக்கு எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உலகத்துக்காக எழுத முனைபவருக்கு இத்தெளிவு வாய்ப்பதில்லை.

புலம்பெயர் நாடுகளில் பெற்றோர் தம் பிள்ளைகளை எழுதத் தூண்டும்போது பெரும்பாலும் பெரிய தலைப்புகளையே கையில் கொடுக்கின்றனர். தமிழின் தொன்மை, தமிழர் பண்பாட்டின் சிறப்பு, உலகத் தமிழரின் ஒற்றுமை. இவை உயர்ந்த பொருள்களே, ஐயமில்லை. ஆயினும், ஒரே கட்டுரை நூறு தளங்களில் ஒரு சொல்லும் மாறாமல் படியெடுக்கப்பட்டுக் கிடக்கும்போது, நூற்றோராவது படியைத் தேடி எவர் வருவார்? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த செய்தி ஒன்று நிச்சயமாக உண்டு. அது அந்தப் பிள்ளையின் பாடசாலையிலோ, அப்பம்மாவின் அறையிலோ, தகப்பனாரின் இரவு வேலையிலோ இருக்கும்.

இதற்குச் சிறந்த சான்று ஒரு சிறுமி. ஸ்கொட்லாந்தின் ஆர்கைல் பகுதியிலுள்ள லொக்கில்ப்ஹெட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மார்த்தா பெய்ன், 2012 ஏப்பிரல் இறுதியில், தமது 9ஆம் வயதில், தந்தையாரின் துணையுடன் ஒரு வலைப்பதிவைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், பாடசாலையில் தமக்குக் கிடைக்கும் மதிய உணவு. நாள்தோறும் உணவுத் தட்டை ஒளிப்படம் எடுத்தார். சுவைக்குப் பத்துக்கு எத்தனை, உடல்நலத்துக்குப் பத்துக்கு எத்தனை, மொத்தம் எத்தனை வாய் உணவு, விலை என்ன என்று ஒரே அளவுகோலால் அளந்து எழுதினார். உணவில் தலைமயிர் கிடந்ததா என்பதையும் எண்ணிக் குறித்தார்! 'நெவர் செகண்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். இரண்டாம் முறை பரிமாறுவது கிடையாது என்பது பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அளவுகோல். சிறுமி நாள்தோறும் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. உணவு வந்தது, அளந்தார், எழுதினார். படிப்பவர்களும் நேற்றைய மதிப்பெண்ணோடு இன்றையதை ஒப்பிட்டுப் பார்க்க மறுநாளும் வந்தனர். வேறு நாடுகளின் பிள்ளைகள் தமது உணவுத் தட்டுகளையும் படம் பிடித்து அவருக்கு அனுப்பினர். தொலைக்காட்சிகளில் தோன்றும் சமையற் கலைஞர் ஜேமி ஒலிவர் அவரைப் பாராட்டினார். சில வாரங்களுக்குள் பார்வைகள் இலட்சக்கணக்கைக் கடந்தன.

பின்னர்த் தொல்லை வந்தது. நாளேடு ஒன்று சமையற் பணியாளர்களின் வேலை குறித்துக் கடுமையான தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டது. அத்தலைப்பு சிறுமியின் சொல் அன்று. ஆயினும் 2012 யூன் 14ஆம் நாள் வகுப்பிலிருந்து அழைக்கப்பட்ட அவரிடம், இனிமேல் உணவைப் படம் எடுக்கக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. ஆர்கைல் மற்றும் பியூட் உள்ளூராட்சி மன்றத்தின் முடிவு அது. சிறுமி விடைபெறும் குறிப்பு ஒன்றை எழுதினார். எழுந்த எதிர்ப்பைக் கண்டு மன்றம் மறுநாளே தடையை விலக்கிக்கொண்டது. வறிய நாடுகளின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் 'மேரிஸ் மீல்ஸ்' அமைப்புக்காக அவர் முன்னரே தொடங்கியிருந்த நிதிதிரட்டலில் ஓர் இலட்சம் பவுண்களுக்கு மேல் சேர்ந்தது. அப்பணத்தால் மலாவியில் பாடசாலைச் சமையற்கூடம் அமைந்தது.

இந்நிகழ்ச்சியில் பெற்றோர் பார்க்க வேண்டிய இடம் வேறு. தந்தையார் எழுதிக் கொடுக்கவில்லை, எழுத்து சிறுமியுடையது. ஆனால் தொல்லை வந்த நாளில் நடந்ததை விளக்கி, பொறுப்பேற்று, மகளின் பக்கத்தில் நின்றவர் அவரே. பிள்ளையின் எழுத்தைத் திருத்தித் திருத்தித் தமது எழுத்தாக்கிவிட்டு, சிக்கல் வரும்போது விலகிக்கொள்ளும் பெற்றோரும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

தமிழில் எழுதுவோருக்கு வேறொரு தடையும் உண்டு. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'அம்மா' என்ற சொல்கூட ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகவே தெரியும். ஒருங்குறி பரவிய பின்னரே, 2003ஆம் ஆண்டளவில், தமிழ் வலைப்பதிவுகள் முளைவிட்டன. எ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்கள் பலரை எழுத வைத்தன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, யார் எங்கிருந்து புதிதாக எழுதினாலும் அதை ஒரே பக்கத்தில் காட்டியது. நோர்வேயில் எழுதியவரைச் சிங்கப்பூரில் இருந்தவர் அன்றே படித்தார். வாசகர் கூடியது எழுத்தின் சிறப்பால் மட்டும் அன்று, அருகருகே இருந்ததாலும்தான். பின்னாளில் எழுதியோரிற் பலர் முகநூலுக்குப் பெயர்ந்தனர். அங்கே இன்று எழுதியது நாளை மறுநாள் கண்ணிற் படுவதில்லை. ஐந்து ஆண்டு கழித்துத் தேடுவோருக்கு அகப்படுவதும் அரிது.

எனவே இன்று தனி வலைப்பதிவுக்குப் பெரும்பாலான வாசகர் தேடுபொறி வழியாகவே வருகின்றனர். தேடுபவர் என்ன சொல்லைத் தட்டச்சிடுவார் என்று எண்ணித் தலைப்பிட வேண்டும். அப்பம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்ட முறையை எழுதிவிட்டு 'நினைவலைகள் - 3' என்று தலைப்பிட்டால், பனங்காய்ப் பணியாரத்தைத் தேடும் ஒருவர் அங்கே எப்படி வந்து சேர்வார்? பண்டத்தின் பெயரும் தலைப்பில் இருக்கட்டும்; ஊரின் பெயரும் இருக்கட்டும். ஈழத்தில் ஒரு சொல்லும் தமிழகத்தில் வேறொரு சொல்லும் வழங்குமாயின் இரண்டையும் கட்டுரைக்குள் ஒருமுறையேனும் எழுதுவது நன்று. கையெழுத்துப் பக்கத்தையோ பழைய அழைப்பிதழையோ படமாக மட்டும் ஏற்றுவது போதாது. அதிலுள்ளதை ஒருங்குறியில் தட்டச்சிட்டுக் கீழே சேர்க்க வேண்டும்.

தமிழ் எழுத வராத பிள்ளை என்ன செய்வது? இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. ராயித் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். படிக்க வேண்டியவர் வேறு நாட்டில் பிறந்து வளர்ந்த மைத்துனி என்றால், இருவருக்கும் பொதுவான மொழியில் எழுதலாம். படிக்க வேண்டியவர் ஊரிலிருக்கும் தாத்தா என்றால், தமிழ் வேண்டும். பிழையோடு எழுதினாலும் அவர் படிப்பார். பேத்தி எழுதிய ஒற்றுப்பிழையைக் கண்டு மனம் வருந்திய தாத்தா எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. பிழை பிடிக்கும் அன்பர்கள் வேறு இடத்திலிருந்து வருவார்கள், அவர்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எவ்வளவு எழுதுவது என்பதற்கும் எல்லை வைத்துக்கொள்வது உதவும். நியூயோர்க்கில் அலுவலக வேலை பார்த்த ஜூலி பவல், 2002இல், ஒரு சமையல் நூலின் 524 குறிப்புகளையும் ஓராண்டுக்குள் சமைத்து எழுதுவதாக அறிவித்துத் தொடங்கினார். எண்ணும் நாளும் முன்கூட்டியே தெரிந்ததால் வாசகர் அவரோடு சேர்ந்து எண்ணினர். அது 2005இல் நூலாகவும் 2009இல் திரைப்படமாகவும் ஆயிற்று. ஒரு கோடை விடுமுறையில் 20 பதிவுகள் என்று தொடங்கும் பிள்ளை 20ஐ முடிக்கக்கூடும். 'வாழ்நாள் முழுதும் எழுதுவேன்' என்று தொடங்கியவை பல, நான்காம் பதிவோடு நின்று போயுள்ளன.

சலாம் பாக்ஸ் பெயரை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அச்சம் நிறைந்த ஆட்சியின் கீழ் அவர் எழுதினார். புலம்பெயர்ந்த பிள்ளை பாதுகாப்பான நாட்டில் இருக்கிறது. ஆனால் அது எழுதும் கதையில் வரும் பெரியப்பாவோ மாமியோ அந்த நிலையில் இல்லாதிருக்கலாம். ஊரிலுள்ளவர் பெயரையும் படத்தையும் அவருடைய இசைவின்றி வெளியிடுதல் கூடாது. இசைவு கிடைத்தாலும், அவர் சொன்ன எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் பாடசாலைப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எக்காரணம் கொண்டும் இடம்பெறலாகாது.

கடைசியாக, படிகளைப் பற்றி. இலட்சக்கணக்கானோர் இலவசமாகப் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் தளம் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டது. படி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் பல மீளவில்லை. எழுதியவற்றை மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியிலும், வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்திலும் படியெடுத்து வைக்க வேண்டும். அப்பம்மா சொல்லக் கேட்டு எழுதியதாயின், அவர் சொன்ன ஒலிப்பதிவையும் அதே கோப்புறையில், நாளும் ஊரும் குறித்து வைக்கலாம். பெயரன் தட்டச்சிடாமல் விட்ட சொற்களும் அதில் இருக்கும்.