புகை போகும் வழி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "அமெரிக்காவிலேருந்து வர்றே, பசங்களுக்கு உபயோகமா இருபது நிமிஷம் பேசு. ஆனா வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படின்னு மட்டும் பேசிடாதே, அதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். எனக்கும் அது நிம்மதிதான். எனக்குத் தெரிந்தது புகைக்குழாய். மிச்சிகன் மாநிலத்தில் வாகனங்களின் எக்ஸாஸ்ட் சம்பந்தமான வேலை பார்க்கிறேன். வார நாட்களில் புது வண்டி, சனி ஞாயிறுகளில் பழைய வண்டி. அப்படி ஒரு பழைய வண்டிக்கு எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு தேர்ந்தெடுத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு மானிஃபோல்டில் அப்படி என்ன இருக்கிறது என்று சிவில் நண்பர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம், இதில் ஒரு உயிர் விஷயமும் இருக்கிறது.

வண்டி 1954-ம் வருஷத்து செவர்லே 3100, அரை டன் பிக்கப். அந்த வரிசை 1947-ல் வந்தது. அதில் 1954-ம் வருஷத்து வண்டியைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடிக்கலாம்: முன்கண்ணாடி இரண்டு துண்டாக இல்லாமல் ஒரே துண்டாக இருக்கும். உள்ளே 235 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 3.85 லிட்டர். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். அதற்கு முந்தைய 216 கன அங்குல எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு எண்ணெயைத் தெளித்துத்தான் விடுவார்கள். 1954-ல் அரை டன் வண்டிக்கும் பம்ப் அழுத்தத்தில் எண்ணெய் போகிற 235 வந்துவிட்டது. அதனால் இந்த எஞ்சின் இன்றைக்கும் ஓடுகிறது, ஓட்டுகிறார்கள்.

வண்டிக்காரர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். அவருடைய அப்பா பண்ணைக்குப் புதிதாக வாங்கிய வண்டி. வைக்கோல் ஏற்றிய வண்டியை இவர் இன்றும் குளிர்காலத்தில்கூட எடுப்பார். பக்கத்து இருக்கையில் பெரும்பாலும் அவருடைய ஆறு வயதுப் பேத்தி. ஒரு நாள் பேச்சுவாக்கில், "அரை மணி நேரம் ஓட்டினால் தலை வலிக்கிறது, வயசாகிவிட்டது" என்றார். பாப்பாவுக்கு எப்படி என்று கேட்டேன். "அவளும் தலைவலி என்கிறாள், ஸ்கூலுக்குப் போகாமல் இருக்கச் சாக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். பத்து நிமிஷத்தில் சத்தம் குறைந்து போய்விட்டது. தம்பிகளே, இந்த அடையாளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஜில்லென்று இருக்கும்போது சத்தம், சூடானதும் அடங்கினால் மானிஃபோல்டில் விரிசலோ, பேக்கிங்கில் ஒழுக்கோ இருக்கிறது. இரும்பு சூட்டில் விரிந்து விரிசலை மூடிக்கொள்கிறது. முழுக்க மூடாது, சத்தம் மட்டும்தான் அடங்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, வாக்குவம் கிளீனரைத் திருப்பிப் போட்டு, பின்னால் குழாய் வழியாகக் காற்றை ஊதி, மானிஃபோல்டு மேலே சோப்புத் தண்ணீர் தெளித்தோம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நுரை. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற அதே வித்தைதான்.

இந்த வண்டியில் பிரேக் பெடலும் கிளச் பெடலும் தரையைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வரும். அந்த ஓட்டைகளின் ரப்பர் எப்போதோ போய்விட்டது. மானிஃபோல்டு எஞ்சினுக்கு இடது பக்கம், அதாவது டிரைவர் கால் பக்கம். கேடலிடிக் கன்வெர்ட்டர் என்பதே இல்லாத வண்டி. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தாத்தாவும் பேத்தியும் ஒரே கேபினில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. வண்டியை அன்றைக்கே நிறுத்தினோம்.

பிறகுதான் தேர்வு. பழையதை வெல்டிங் செய்வதா, அதே அச்சில் வார்த்த புதியது வாங்குவதா, இரண்டு வாய் வைத்த வார்ப்பிரும்பு மானிஃபோல்டா, இல்லை ஹெடர் என்று சொல்கிற உருக்குக் குழாய்களா? பெரியவரின் பேரன் காலேஜ் படிக்கிறவன். அவனுக்கு ஹெடர்தான் வேண்டும். சத்தம் நன்றாக இருக்குமாம். நம்ம ஊரில் புல்லட்டுக்கு சைலன்சர் மாற்றுகிற தம்பிகள் எல்லாம் இந்த இடத்தில் கை தட்டலாம்.

வெல்டிங்கை முதலிலேயே தள்ளினேன். வார்ப்பிரும்பை நன்றாகச் சூடுபடுத்தி, நிக்கல் ராடு வைத்துப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட்டால் நிற்கும். ஆனால் அதிகச் சூடு ஏறுகிற நடுப்பகுதியில் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். பேத்தி உட்காருகிற வண்டிக்கு அது வேண்டாம்.

பேரன் சொன்னதில் விஷயமே இல்லை என்று நினைக்காதீர்கள். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: முன் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. ஒரே மானிஃபோல்டில் ஆறையும் சேர்த்தால் 120 டிகிரிக்கு ஒரு முறை புகை வந்து மோதும். ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் அடுத்தது திறந்துவிடும். முன் மூன்றுக்கு ஒரு வழி, பின் மூன்றுக்கு ஒரு வழி என்று பிரித்தால், ஒவ்வொரு வழியிலும் சரியாக 240 டிகிரிக்கு ஒரு தடவைதான். ஒருத்தர் வெளியே போன பிறகு அடுத்தவர் வாசலுக்கு வருகிற மாதிரி. 1953-ல் வந்த முதல் கார்வெட்டில் இதே 235-ஐத்தான் வைத்தார்கள், அதற்கு இரட்டைப் புகைவழி கொடுத்தார்கள். 1950-களில் ஃபென்டன் என்ற பெயரில் இப்படி இரண்டாகப் பிரித்த வார்ப்பிரும்பு மானிஃபோல்டு கடைகளில் விற்றது. அதே மாதிரி இன்றும் வார்த்து விற்கிறார்கள்.

வி8 எஞ்சினுக்கு இந்த அழகு கிடையாது. செவர்லேயின் 1-8-4-3-6-5-7-2 வரிசையில் இடது பக்கத்து 5-ம் 7-ம் அடுத்தடுத்து, 90 டிகிரி இடைவெளியில் வெடிக்கும். அந்தக் கரகரப்புச் சத்தம் அதனால்தான் வருகிறது. ஹெடரின் தனித்தனிக் குழாய்களுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது, அதுவும் வேகமாகச் சுற்றும் எஞ்சினாக இருந்தால். பழைய பிக்கப்பில் 350 வி8-ஐத் தூக்கி வைக்கிறவர்களிடம்கூட, முதலில் ஸ்டியரிங் பாக்ஸுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்கச் சொல்வேன். பலருக்குக் கடாக்கொம்பு போல வளைந்து நடுவில் இறங்குகிற வார்ப்பிரும்பு மானிஃபோல்டே போதும். ஃபோர்டு பிக்கப்பில் 1953 வரை இருந்த பிளாட்ஹெட் வி8 வேறு ஜாதி. அதில் புகை, தண்ணீர் ஜாக்கெட்டுக்கு நடுவே பிளாக்கைக் கடந்துதான் வெளியே வரும். வெளியே தங்கத்திலேயே மானிஃபோல்டு மாட்டினாலும் உள்ளே இருக்கிற சூடு குறையாது.

நம்ம வண்டிக்கு வருவோம். பேரனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். நிமிடத்துக்கு 3000 சுற்று, முழு ஆக்ஸிலேட்டர். நாலு ஸ்ட்ரோக் என்பதால் 1500 தடவை 3.85 லிட்டர். அதில் 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு சுமார் 4600 லிட்டர் காற்று. சூட்டில் மூன்று மடங்காக விரிந்தால் வினாடிக்கு 230 லிட்டர் புகை. இரண்டு அங்குல உள்விட்டமுள்ள குழாயில் அது வினாடிக்கு 115 மீட்டர் வேகம். இது கொஞ்சம் நெரிசல்தான், பிரித்தால் நல்லது. ஆனால் தாத்தா 3000 சுற்றில் எப்போது ஓட்டினார்? மணிக்கு 40 மைலில் எஞ்சின் 2000 சுற்றுதான், பாதிக் காற்றுதான். அப்போது வேகம் 40 மீட்டரைத் தாண்டாது. நெரிசலே இல்லாத தெருவுக்குப் பாலம் கட்டுகிற மாதிரி.

இன்னொரு பக்கம் பாருங்கள். இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஹீட் ரைசர் என்று ஒரு தகடு வால்வு, அதற்கு ஒரு சுருள் ஸ்பிரிங், ஒரு எடைக்கட்டி. ஜில்லென்று இருக்கும்போது புகையைக் கார்புரேட்டரின் அடிப்பக்கம் திருப்பிவிடும், சூடானதும் விலகிக்கொள்ளும். பெட்ரோல் ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. முழுக்க ஆவியானால் காற்று சுமார் 20 டிகிரி ஆறிவிடும். இன்றைக்கு அமெரிக்காவில் விற்கிற பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால், அது இன்னும் அதிகச் சூட்டைக் கேட்கும். சென்னையில் இது பிரச்சினை இல்லை. ஐந்து டிகிரி ஈரக்காற்று வீசும் மிச்சிகன் நவம்பரில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும், வண்டி நடுரோட்டில் இருமும். ஹெடரிலும் ஃபென்டன் வகையிலும் இந்த ஹீட் ரைசர் போய்விடும். ரேடியேட்டர் வெந்நீரை இன்டேக் அடியில் ஓடவிடுகிற ஒரு தட்டு போட்டு ஈடுகட்டலாம். வேலை செய்யும், ஆனால் ஒழுகுவதற்கு மேலும் இரண்டு ஹோஸ்.

ஹெடரில் இன்னொரு சிக்கல், விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்த எஞ்சினில் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே கிளாம்ப்தான் சேர்த்து அழுத்துகிறது. இரண்டின் ஃபிளாஞ்சும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஹெடரின் ஃபிளாஞ்ச் மெலிசாக இருந்தால் கிளாம்ப் இன்டேக்கை மட்டும் அழுத்தும், புகை பக்கம் லூஸ். எந்த ஒழுக்கை நிறுத்த இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதே ஒழுக்கைக் காசு கொடுத்து வாங்கின மாதிரி ஆகும். குழாயும் ஒன்றரை மில்லிமீட்டர் தகடுதான். பக்கத்துக் கடைக்குப் போய் வருகிற குறைந்த ஓட்டத்தில் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

ஆகவே நான் சொன்னது: பழைய அச்சிலேயே வார்த்த புதிய மானிஃபோல்டு, ஹீட் ரைசரோடு. வெயில் காலத்தில் மட்டும் கண்காட்சிக்கு எடுக்கிற வண்டியாக இருந்தால், வெந்நீர்த் தட்டோடு இரட்டை வாய் வார்ப்பிரும்பையே வாங்கச் சொல்லியிருப்பேன். பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதிது என்றால் நேராக இருக்கும் என்று நம்பக் கூடாது. வந்த வார்ப்பில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் விட்டோம், ஒரு முனையில் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்து முடுக்கி, ஒன்றாகவே கடையில் கொடுத்து முகத்தைச் சமமாக்கினோம். மாட்டும்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள போல்ட்டுகளை லேசாக விட்டுவிட்டு, முதலில் ஹெட்டோடு சேர்த்து முடுக்கி, பிறகு நடு போல்ட்டுகளை இறுக்கினோம். புகைக்குழாய் சேரும் ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டு. அடுத்த தடவை கழற்றுகிறவர் நம்மைத் திட்டாமல் இருப்பார்.

முனைகளை நடுவைவிடக் குறைவாகத்தான் இறுக்க வேண்டும். ஏன்? 60 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பின்னால் இருக்கிற ஹெட்டில் தண்ணீர் ஓடுகிறது, அது அவ்வளவு நீளாது. மானிஃபோல்டு வழுக்கிப் போக இடம் வேண்டும். இடம் கொடுக்காமல் "ஒழுகக் கூடாது" என்று பலத்தையெல்லாம் காட்டி முடுக்கினால் நடுவில் பிளந்துகொள்ளும். பழையது பிளந்ததும் அப்படித்தான். ஹீட் ரைசர் துருவில் மூடிய நிலையிலேயே சிக்கியிருந்தது, முனை போல்ட்டுகள் கழற்ற முடியாத அளவுக்கு இறுகியிருந்தன. மாதம் ஒரு தடவை, எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த எடைக்கட்டியை விரலால் அசைத்துப் பார்க்கும் வேலையைப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறோம். அவள் எங்களையெல்லாம்விடக் கண்டிப்பு.

மூன்று தடவை சூடாக்கி ஆறவிட்டு மறுபடியும் முடுக்கினோம். பெடல் ஓட்டைகளுக்குப் புது ரப்பர் போட்டோம். கேபினுக்குள் கார்பன் மோனாக்ஸைடு மீட்டர் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு முக்கால் மணி நேரம் நானே ஓட்டினேன். மீட்டரில் பூஜ்யம். பெரியவருக்கும் பாப்பாவுக்கும் தலைவலி நின்றது, பாப்பா இப்போது ஸ்கூலுக்கு வேறு சாக்குத் தேடுகிறாள். பேரன் இரட்டைக் குழாய்க்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான், வெந்நீர்த் தட்டின் விலையும் விசாரித்திருக்கிறான்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார். ஆட்டோமொபைல் லேபில் நம் கல்லூரியின் பழைய எஞ்சின் இன்னும் இருக்கிறதாம். சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன். சந்தேகம் கேட்கிற தம்பி தங்கைகள் ஒரு ஃபீலர் கேஜோடு வாருங்கள்.