பிடித்ததா, அடித்ததா?



இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்த தமிழாசிரியன் ஒருவன் றிப் சுவிச்சைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் வானொலியின் காதைத் திருகக்கூடும். சற்றுப் பொறுங்கள். ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்குகிறேன்.

எங்கள் பொத்துவிலில் ‘மின்தாக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட் அடிச்சிட்டுது’ என்போம். சிலவேளை ‘கரண்ட் பிடிச்சிட்டுது’ என்போம். இரண்டும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அப்படியன்று. அடித்தால் கை தெறித்துத் திரும்பி வரும். பிடித்தால் வராது. மின்சாரம் தசைகளை இறுக்குகிறது. விரலை மடக்கும் தசை விரிக்கும் தசையிலும் வலியது. ஆகவே கம்பியைப் பற்றியவன் விட நினைத்தும் விடமுடியாமல் நிற்கிறான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே சார்ள்ஸ் டல்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு இந்த எல்லையை அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியர். பெண்களுக்கு ஏறத்தாழப் பத்தரை. ஒரு 40 வாட் மின்குமிழ் இழுப்பதோ 170 மில்லி அம்பியருக்கு மேல். அதிற் பத்திலொரு பங்கு போதும், ஒரு மனிதனைக் கட்டிப்போட. ஆய்வுகூடம் எண்ணால் காட்டிய எல்லையை எங்களூர்ப் பேச்சு இரண்டு வினைச்சொற்களால் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

அமெரிக்கத் துறவியும் எழுத்தாளருமான தோமஸ் மேர்ட்டனை நேயர்கள் சிலர் படித்திருப்பீர்கள். 1968 டிசம்பர் தொடக்கத்தில் அவர் நம் நாட்டில் இருந்தார். பொலன்னறுவைக் கல் விகாரையின் சிலைகள் முன் நின்ற அனுபவத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். சில நாட்களின் பின், டிசம்பர் 10ஆம் திகதி, பாங்கொக்குக்கு அருகே ஒரு மாநாட்டில் உரையாற்றிவிட்டு அறைக்குத் திரும்பியவர், பிற்பகலிலே தரையில் இறந்து கிடந்தார். உயரமான மின்விசிறி ஒன்று அவர் மேல் விழுந்து கிடந்தது. அதன் தண்டுக்குள் ஓடிய கம்பி பழுது என்றது பொலிஸ் அறிக்கை. அந்த விசிறியைத் தூக்க முயன்ற இன்னொரு துறவியையும் அது பிடித்துக்கொண்டது. மற்றொருவர் பிளக்கைப் பிடுங்கிய பிறகே அவர் விடுபட்டார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பேனா நின்றுபோனது இப்படி.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். மாரி காலம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் இரவில் என் வீட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாளாக றிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தது. போட்டால் விழும், போட்டால் விழும். எரிச்சலோடு ஒருவரைக் கூப்பிட்டு, “இந்தச் சனியனைத் தாண்டிக் கம்பி குடுங்க” என்றேன். கொடுத்தார். வெளிச்சம் நின்று எரிந்தது. மூன்றாம் நாள் காலை, கிணற்றடியில் இரும்புக் குழாயைத் தொட்ட என் தாயார், “தம்பி, பைப் கடிக்குதுடா” என்று கத்தினார். காலில் றப்பர்ச் செருப்பு இருந்தது. அதனால் இன்றைக்கு என் வீட்டில் அம்மா இருக்கிறார்.

பக்கத்துத் தெருவில் வயரிங் வேலை தெரிந்த காக்கா ஒருவர் உண்டு. வந்து பார்த்தார். மோட்டரின் கம்பி சுவரைத் துளைத்து வரும் இடத்தில் தோல் தேய்ந்து ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. மோட்டரின் ஏர்த் கம்பியும் துருப்பிடித்து அறுந்திருந்தது. கடற்காற்று ஊரில் அது புதினமில்லை.

“சேர், சுவிச்சில பழுதில்ல. வீட்டுக்குள்ள கரண்ட் ஒழுகுதெண்டு அது நாலு நாளாச் சொல்லியிருக்கு. நீங்க அதிர வாயக் கட்டிட்டீங்க.”

“பியூஸ் இருந்ததே காக்கா?”

“பியூஸ் கம்பியத்தான் காக்கும் சேர். மனிசனக் காக்காது.”

எவ்வளவு துல்லியம்! 5 அம்பியர் பியூஸ் உருகுவதற்கு 5,000 மில்லி அம்பியருக்கு மேல் வேண்டும். ஈர உடம்பு வழியே 230 வோல்ற் தள்ளுவது சில நூறுதான். மனிதன் போய்விடுவான், பியூஸ் அப்படியே இருக்கும். போதாததற்கு, நம் வீடுகளில் ஏர்த் என்பது நிலத்தில் அறைந்த ஒரு கோல். எங்கள் மணல் கோடையிற் காய்ந்தால் அதன் வழியே பியூஸை உருக்கும் அளவு மின்சாரம் ஓடாது.

றிப் சுவிச்சின் வேலை வேறு. மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாடுகளை எண்ணுகிறவன் செய்வதையே அது செய்கிறது. ஒரு கம்பியால் போன மின்சாரம் மறு கம்பியால் முழுவதும் திரும்பியதா என்று பார்க்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தால், எங்கோ யாருடைய உடம்பாலோ வழிதவறிப் போகிறது என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்திற் கதவைச் சாத்திவிடும். 30 என்பது ‘பிடிக்கும்’ அளவுக்கு மேலேதான். ஆனால் இருதயம் தாளம் தவறும் அளவுக்குக் கீழே. அதற்கும் ஓர் குருட்டுப் பக்கம் உண்டு. இரண்டு கம்பியையும் இரு கைகளால் தொட்டு, நிலத்தில் படாமல் நிற்பவனை அது ஒரு மின்குமிழ் என்றே நினைக்கும்.

பன்றிக்கும் யானைக்குமென்று வீட்டு லைனிலிருந்து வயலுக்குக் கம்பி இழுப்பவர்களுக்கும் இந்தக் காக்காவின் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அது சட்டப்படி குற்றம். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் யானையோடு மனிதரும் அந்தக் கம்பியில் கிடந்திருக்கிறார்கள். பெரும்பாலும் விடியமுன் தண்ணீர் பார்க்கப் போன ஏழை.

சுவிச்சின் முகத்திலே ‘ரீ’ என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சிறிய பொத்தான் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டியின் கீழே செருப்புப் போட்ட நான் அதைக் கண்டதில்லை. அழுத்தினால் சுவிச் விழவேண்டும். விழாவிட்டால் அது செத்துப்போன காவற்காரன். இப்போது மாதத்தில் ஒருநாள் இரவு அழுத்துகிறேன். வீடு இருண்டுவிடும்.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். “விழுந்திச்சா?”

“ஓம் அம்மா.”

“அப்ப கெதியாப் போடு. உலையில அரிசி கிடக்கு.”